டர்ஃப் என்றால் எந்த டர்ஃப்?

காரைக்குடியில் ஒரு கல்லூரிப் பையனைப் பிடித்து டர்ஃப் என்றால் என்னவென்று கேட்டால், சுற்றி வலை கட்டி, லைட் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற பச்சைத் திடலைக் காட்டுவான். "எட்டு டு ஒம்பது ஸ்லாட் போட்டாச்சு, ஆளுக்கு நூறு ரூவா எடுத்துட்டு வா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறதே, அந்த டர்ஃப். அதே பையன் ஆங்கிலப் பேப்பரைப் புரட்டினால் இரண்டு அதிகாரிகளுக்குள் 'டர்ஃப் வார்' என்று தலைப்பு இருக்கும். பெங்களூரில் டர்ஃப் கிளப் என்று ஒரு போர்டு. டிவியில் பழைய வீரர் ஒருவர், "நாங்கள் மேட் விரித்து ஆடி வளர்ந்தவர்கள், டர்ஃப் விக்கெட்டைப் பார்த்ததே பின்னால்தான்" என்கிறார். அயர்லாந்தில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் போனில் பேசும்போது, பக்கத்து வீட்டுக்காரர் குளிருக்கு டர்ஃப் எரிக்கிறார், ஒரே புகை என்கிறார். புல்தரையை எதற்கு எரிக்கிறார்கள்?

குழம்ப வேண்டாம். எல்லாம் ஒரே சொல்தான், ஒரே இடத்திலிருந்து கிளம்பியதுதான். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மண்வெட்டியை எடுத்து, புல் அடர்ந்த தரையில் நான்கு பக்கமும் கொத்தி, அடியில் விட்டு நெம்பி ஒரு பாளமாகத் தூக்குங்கள். மேலே புல், அதற்குக் கீழே பின்னிக் கிடக்கிற வேர், வேர் பிடித்து வைத்திருக்கிற மண். மூன்றும் சேர்ந்து உதிராமல் ஒரே துண்டாகக் கையில் வருகிறதே, அதுதான் டர்ஃப். வெறும் புல்லுக்கு ஆங்கிலத்தில் கிராஸ் என்று தனிப்பேர் உண்டு. வீட்டு முன்னால் அழகுக்கு வளர்த்து வெட்டிவிடுகிற புல்தரை லான். பூவும் களையுமாக உயர வளர்ந்து கிடப்பது மெடோ. ஆடு மாடு மேய்கிற இடம் பாஸ்ச்சர், நம் பக்கத்தில் தரவை என்று சொல்வோமே, தாசில்தார் ஆபீஸ் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதுவார்களே, அது. இவை எல்லாம் அந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்து வந்த பெயர்கள். டர்ஃப் அப்படி இல்லை, அது எதனால் ஆனது என்பதைச் சொல்கிற பெயர். புல்லும் மண்ணும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடக்கிற அந்த மேல் தோல். தனித் துண்டைச் சொன்னாலும் டர்ஃப்தான், அந்தத் துண்டுகள் சேர்ந்த தரை முழுவதையும் சொன்னாலும் டர்ஃப்தான்.

மிகப் பழைய சொல் இது, ஆங்கிலம் எழுத்தில் வந்த ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. மொழி வரலாறு ஆராய்கிறவர்கள் இதற்கும் சமஸ்கிருத தர்ப்பைக்கும் ஒரே வேர் என்கிறார்கள். திவசத்துக்கு விரலில் மாட்டுகிற தர்ப்பையும், ராத்திரி எட்டு மணிக்கு ஸ்லாட் போடுகிற டர்ஃப்பும் ஒன்றுவிட்ட பங்காளிகள் என்றால் நம்ப மனசு வராதுதான். நம்பித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்தப் பாளத்தை வைத்து என்ன செய்தார்கள்? மரம் குறைந்த, குளிர் மிகுந்த ஊர்க்காரர்கள் வீடே கட்டினார்கள். ஐஸ்லாந்தில் கல் அடித்தளம் போட்டு, மரச் சட்டம் நிறுத்தி, சுவருக்கும் கூரைக்கும் இந்தப் புல்பாளத்தை அடுக்கிய வீடுகள் நூற்றாண்டுக்கணக்கில் இருந்தன, சில இன்னும் இருக்கின்றன. கூரை மேல் புல் பச்சையாக வளர்ந்து நிற்கும். நாம் ஓடு வேய்ந்து உள்வெக்கையை வெளியேற்றப் பாடுபட்டோம், அவர்கள் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் இருக்க மண்ணைப் போர்த்திக்கொண்டார்கள்.

அயர்லாந்துக்காரர்கள் எரிக்கிறது இதில் இன்னொரு வகை. அங்கே எப்போதும் ஈரம் தேங்கிக் கிடக்கிற சதுப்பு நிலம் நிறைய. பாசியும் செடியும் செத்து விழுந்தாலும் தண்ணீருக்குள் காற்று போகாததால் முழுசாக மக்குவதில்லை, படிந்து படிந்து கருப்பாக, பஞ்சு மாதிரி ஒரு மண்ணாகிவிடுகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் சேரும் என்றால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அறிவியல்காரர்கள் இதற்கு வைத்த பெயர் பீட். அயர்லாந்து ஊர்க்காரர்கள் அதைச் செங்கல் போல வெட்டி, வெயிலில் காயவைத்து அடுப்பில் போடுவதால், பாளமாக வெட்டுகிற பொருள் என்ற பழைய பொருளிலேயே டர்ஃப் என்கிறார்கள். நம் ஊரில் வறட்டி தட்டிக் காயவைத்து அடுக்கிய இடத்தில் அவர்களுக்கு இது இருந்தது. பீட் எரித்தால் கரி எரிப்பதை விடவும் கார்பன் அதிகம் வரும் என்பதால் இப்போது கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. அந்நாட்டு அரசு நிறுவனமான போர்ட் நா மோனா, எரிபொருளுக்காகப் பெரிய அளவில் பீட் வெட்டுவதை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. கிராமத்து ஆட்கள் சொந்தத் தேவைக்கு வெட்டுவது மட்டும் இன்னும் முற்றிலும் ஓயவில்லை. அதில் அங்கே பெரிய அரசியலே ஓடுகிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம், நமக்கு அதுதானே முக்கியம்.

கிரிக்கெட்டில் டர்ஃப் விக்கெட் என்று கேட்டவுடன் பச்சைப் புல்லைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். டிவியில் பார்த்தால் 22 கெஜமும் வெள்ளையாக, மொட்டையாக, சில சமயம் வெடிப்பு விட்டுக் கிடக்கும். இதில் டர்ஃப் எங்கே? அடியில் இருக்கிறது. களிமண் அதிகமுள்ள மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, புல் வளர்த்து, அதன் வேர் மண்ணுக்குள் இறங்கி இறுகப் பிடித்த பிறகு புல்லை ஒட்ட வெட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, காயவைத்து இறுக்குகிறார்கள். மேலே பார்வைக்குப் புல் இல்லாவிட்டாலும் வேர்தான் அந்த மண்ணைச் சிதறாமல் வைத்திருக்கிறது. வேர் செத்துப்போன பிட்ச்சில் மூன்றாம் நாளே தூசி கிளம்பும், சுழற்பந்துக்காரருக்குக் கொண்டாட்டம். சித்திரை வைகாசியில் வற்றிய கண்மாய்க்குள் ஸ்டம்ப் நட்டு ஆடியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்மாய்க் களிமண் காய்ந்து இறுகினால் பந்து எப்படி எழும்பும், வெடிப்பில் விழுந்தால் எங்கே திரும்பும் என்பது எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அத்துப்படி. சர்வதேச பிட்ச் தயாரிப்பவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும், மூலப்பொருள் அளவில், கிட்டத்தட்ட அதே களிமண் வேலைதான்.

மேட் என்பது இதற்கு மாற்று. கெட்டியான தரையில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, நான்கு பக்கமும் ஆணி அடித்து இழுத்துக் கட்டி ஆடுவது. பராமரிப்புச் செலவு இல்லை, ஆனால் பந்து ஒரே சீராக எழும்பும், இயற்கை மண்ணின் குணம் எதுவும் அதில் தெரியாது. ஒரு காலத்தில் டெஸ்ட் போட்டியே பாயில் நடந்திருக்கிறது. 1959 டிசம்பரில் கராச்சியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் ஆடியதுதான் கடைசி, அதை அமெரிக்க அதிபர் ஐசனோவர் நேரில் வந்து பார்த்தார். நம் மாவட்ட லீக்குகளில் பாய் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. "அவன் டர்ஃப்ல ஆடின பையன்" என்று ஒருவனைச் சொன்னால் பெரிய இடத்தில் பயிற்சி எடுத்தவன் என்று பொருள், அதில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும்.

இந்த மைதானங்களில் வளர்க்கிற புல் எது என்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை. இந்தியாவில் பல கிரிக்கெட் மைதானங்களில் இருப்பது பெர்முடா கிராஸ் என்ற வகை. பெயரைக் கேட்டு ஏதோ கப்பலில் வந்தது என்று நினைக்க வேண்டாம், அது நம்ம அருகம்புல். பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள் கற்பக விநாயகருக்குச் சாத்த வாசலில் வாங்குகிற அதே அருகம்புல்தான், அதன் தேர்ந்தெடுத்த ரகங்களும் ஒட்டு ரகங்களும்தான் மைதானத்துக்குப் போகின்றன. வெயில் தாங்கும், மிதி தாங்கும், வெட்ட வெட்டப் பக்கவாட்டில் படரும். குளிர் நாட்டில் இது சரிப்படாது, அங்கே ரை கிராஸ் போடுவார்கள். விம்பிள்டன் டென்னிஸ் ஆடுகளம் 2001-லிருந்து முழுக்க ரை கிராஸ், போட்டி நேரத்தில் 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டியிருப்பார்கள்.

குதிரைப் பந்தயத்துக்கு டர்ஃப் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் ரொம்ப எளிது. இங்கிலாந்தில் குதிரைகள் ஓடியது புல்தரையில், அதனால் 18-ஆம் நூற்றாண்டிலேயே பந்தய உலகம் முழுவதற்கும் 'தி டர்ஃப்' என்று பெயராகிவிட்டது. குதிரை வளர்ப்பு, சூதாட்டம், ஜாக்கி, பந்தயத்தில் சொத்தை விட்ட ஜமீன்தார், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் கிளப் வைத்தார்கள், கிளப்புக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். கல்கத்தாவில் 1847-இல் ஒன்று, பம்பாயில், பெங்களூரில், ரங்கூனில், பினாங்கில், சிங்கப்பூரில். வரிசையைப் பார்த்தால் செட்டிநாட்டுக்காரர்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊர்ப் பட்டியல் மாதிரியே இருக்கிறதா? அதில் அதிசயம் எதுவும் இல்லை, பெங்களூரைத் தவிர்த்தால் இரண்டு பேரும் போனது ஒரே துறைமுகங்களுக்கு. சிங்கப்பூரில் 1842-இல் தொடங்கிய கிளப் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயத்தை நடத்திவிட்டு மூடிக்கொண்டது, நிலத்தை அரசு வீடு கட்டக் கேட்டது. சென்னை கிண்டியில் உள்ளதற்குப் பெயர் ரேஸ் கிளப். அதன் 160 ஏக்கர் குத்தகையைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது, அந்தச் செய்திகளை வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். அமெரிக்காவில் பெரும்பாலான பந்தயங்கள் மண் தடத்தில்தான் ஓடுகின்றன, புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி உட்பட. அதனால் அங்கே டர்ஃப் ரேஸ் என்று தனியாகச் சொன்னால் புல்தடத்தில் ஓடுவது என்று மட்டும் பொருள். 1780-இல் தொடங்கிய இங்கிலாந்தின் எப்சம் டெர்பி முழுக்கப் புல். பிரிட்டனில் தெருவில் 'டர்ஃப் அக்கவுன்டன்ட்' என்று போர்டு பார்த்தால், யாரோ ஆடிட்டர் என்று நினைத்து இன்கம்டாக்ஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். பந்தயப் பணம் வாங்குகிற கடைக்காரர் தனக்கு வைத்துக்கொண்ட மரியாதையான பெயர் அது.

இப்போது நம்ம டர்ஃப். மணிக்கணக்கு டர்ஃப். இதில் புல்லும் இல்லை, வேரும் இல்லை, மண்ணும் இல்லை. பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது என்றால், அதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டும்.

1965-இல் அங்கே ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட பிரமாண்டமான பேஸ்பால் ஸ்டேடியம் திறந்தார்கள். உள்ளே நிஜப் புல். வெளிச்சம் வேண்டுமே என்று கூரையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகளைப் பதித்தார்கள். புல் வளர்ந்தது, ஆனால் உயரே போன பந்தைப் பிடிக்க நிமிர்ந்தவர்களுக்குக் கண் கூசியது, பந்து தெரியவில்லை. சரி என்று பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். கண் கூச்சம் தீர்ந்தது, வெயில் இல்லாமல் புல் செத்தது. செத்த புல்லுக்கும் வெறும் மண்ணுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து அந்த சீசனை ஓட்டினார்கள் என்பது நிஜமாக நடந்தது, ஜோக் இல்லை. அடுத்த வருஷம், 1966-இல், மான்சான்டோ கம்பெனி செய்த நைலான் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். அதற்கு முன்பே 1964-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்த்த பொருள்தான், அப்போது அதன் பெயர் கெம்கிராஸ். ஆஸ்ட்ரோடோமில் வந்த புகழால் ஆஸ்ட்ரோடர்ஃப் ஆகிவிட்டது. பிளாஸ்டிக் புல்லுக்கு டர்ஃப் என்ற பெயர் ஒட்டியது இப்படித்தான்.

அதனால் அதிகம் அடிபட்டது யார் என்று கேட்டால் இந்திய ஹாக்கி என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்கிறோம். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வாங்கினோம், அது புல்லில். மறு வருஷம் 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக், முதன்முதலாகச் செயற்கைத் தரை, நமக்கு 7-ஆம் இடம். அதுவரை ஆடிய ஒலிம்பிக்கில் எல்லாம் பதக்கத்தோடு திரும்பிய அணி. 1980 மாஸ்கோவில் நம்ம சென்னைக்காரர் வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது, ஆனால் பல பெரிய அணிகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. அப்புறம் அடுத்த பதக்கத்துக்கு 41 வருஷம், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருந்தோம்.

என்ன வித்தியாசம்? புல்தரையில் பந்து மெதுவாக, கொஞ்சம் துள்ளித் துள்ளி வரும், மணிக்கட்டு வித்தை தெரிந்தவன் பந்தைக் கட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டிப் போகலாம். செயற்கைத் தரை பலகை மாதிரி சமம், பந்து சறுக்கிக்கொண்டு பறக்கும், ஓட்டமும் மூச்சும் நீளமான பாஸும்தான் வெல்லும். பணக்கார நாடுகளில் ஊருக்கு ஊர் இந்தத் தரை வந்துவிட்டபோது நம் நாடு முழுவதற்கும் விரல் விட்டு எண்ணலாம். புல்லில் பழகிய பையன் தேசிய அணிக்கு வந்த பிறகுதான் அந்தத் தரையையே மிதிப்பான். ஆனாலும் எல்லாப் பழியையும் தரை மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சங்கத்து அரசியலும் பயிற்சி முறையும் சேர்ந்துதான் அந்த 41 வருஷம். இப்போது நிலைமை மாறிவிட்டது. கோவில்பட்டியில் செயற்கைத் தரை இருக்கிறது, மதுரையில் புதிதாகப் போட்டு 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களையே நடத்தினார்கள், இங்கிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம்.

ஹாக்கித் தரையும் நம்ம வாடகை டர்ஃப்பும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாக்கிக்குப் போடுவது குட்டையான, நெருக்கமான இழை, ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சி நனைப்பார்கள், அப்போதுதான் பந்து வழுக்கி ஓடும், விழுந்தால் தோலும் உரியாது. தண்ணீர் இவ்வளவு செலவாகிறதே என்று, குறைந்த நீரில் ஓடுகிற தரையை 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் போட்டார்கள். கால்பந்துக்கும் நம்ம பாக்ஸ் கிரிக்கெட்டுக்கும் போடுவது நீள இழை, 40 மில்லிமீட்டர், அதற்கு மேலும் இருக்கும், பாலிஎத்திலீனில் செய்தது. தரையைச் சமப்படுத்தி, ஜல்லியும் கிரஷர் தூளும் போட்டு இறுக்கி, தண்ணீர் வடிய வாட்டம் வைத்து, அதன் மேல் புல்பாயைச் சுருள் சுருளாக விரித்து மூட்டில் பசை போட்டு ஒட்டுவார்கள். அதோடு முடியாது. இழைகளுக்கு நடுவே மணலும் கறுப்பு ரப்பர்க் குருணையும் தூவ வேண்டும், இழை சாயாமல் நிமிர்ந்து நிற்பதும் விழுந்தால் அடி படாமல் இருப்பதும் அதனால்தான். ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஷூவிலிருந்து கொட்டி ஹால் முழுக்கப் பரவி, ஆத்தாவிடம் திட்டு வாங்கித் தருகிறதே, அந்தக் கறுப்புப் பொடி பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதை நுண்பிளாஸ்டிக் கணக்கில் சேர்த்து, 2031-க்குப் பிறகு விற்கக் கூடாது என்று 2023-இல் சட்டம் போட்டுவிட்டது.

சிவகங்கைச் சீமை வெயிலில் இதன் பெரிய குறை சூடு. நிஜப் புல் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்குக்கு அந்த வழி கிடையாது. நல்ல வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பகல் ஸ்லாட் மலிவாகக் கிடைப்பதும் சாயங்காலத்துக்கு மேல் ரேட் ஏறுவதும் இதனால்தான், லைட்டுக்கு ஆகிற கரண்ட் பில் மட்டும் காரணமில்லை. கோடை லீவில் பிள்ளைகளை மத்தியான ஸ்லாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒரு தடவை உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஷூ விஷயத்தில் பலர் காசை வீணாக்குகிறார்கள். பெட்டியில் டி.எஃப். என்று போட்டிருந்தால் டர்ஃப் ஷூ, அடியில் குட்டி குட்டியாக நிறைய ரப்பர் முளைகள் இருக்கும், நம்ம ஊர் வாடகைத் திடலுக்கு இது போதும். ஏ.ஜி. என்றால் செயற்கைத் தரைக்கே செய்தது, முளை கொஞ்சம் நீளம். எஃப்.ஜி. என்பது கெட்டியான நிஜப் புல்தரைக்கு, அதன் முளை இங்கே ஆழமாகப் பிடித்துக்கொண்டு உடம்பு திரும்பும்போது கால் திரும்பாமல் நின்றுவிடும், முழங்கால் போச்சு. எஸ்.ஜி. ஈரத் தரைக்கான உலோக முளை, அதோடு உள்ளே விடவே மாட்டார்கள். பிடி அதிகமானால் வருகிற இன்னொரு தொல்லைக்கு டர்ஃப் டோ என்றே பெயர். கால் கட்டைவிரல் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு முன்னே போய், விரல் மூட்டு மேல்பக்கமாக மடங்கிச் சவ்வு கிழிவது. செயற்கைத் தரை வந்த பிறகு அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவது) வீரர்களுக்கு அதிகம் வந்ததால் 1976-இல் மருத்துவர்கள் இந்தப் பெயரை எழுதினார்கள். சாதாரணச் சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டு மறுநாளே ஆடப்போகாதீர்கள், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

விளையாட்டை விட்டு வெளியே வந்தால் டர்ஃப் என்பது அதிகாரம். காலுக்குக் கீழே இருக்கிற தரை யாருடையது என்ற கேள்வி. அமெரிக்கத் தெருக் கும்பல்கள் தங்கள் வட்டாரத்தை டர்ஃப் என்றார்கள், வடசென்னைப் படங்களில் "இது நம்ம ஏரியா" என்கிற அதே தொனியில். அங்கிருந்து ஆபீசுக்கு ஏறிவிட்டது. டெல்லியில் அதிகாரிகளை மாற்றும் உரிமை முதலமைச்சருக்கா துணைநிலை ஆளுநருக்கா என்று வருஷக்கணக்கில் இழுத்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வரை போனதே, அதை டர்ஃப் வார் என்று எழுதாத ஆங்கிலப் பேப்பரே இல்லை. இரண்டு தரப்பும் 'இது என் அதிகாரம்' என்று மல்லுக்கட்டினால்தான் அந்தச் சொல் பொருந்தும். ரோட்டுப் பள்ளத்தைக் காட்டினால் ஒரு ஆபீஸ் அது எங்க லிமிட் இல்லை என்கிறது, அடுத்த ஆபீசும் அதையே சொல்கிறது, இதை டர்ஃப் வார் என்று எழுதினால் தப்பு, இது அதற்கு நேர் தலைகீழ். ஹோம் டர்ஃப் என்பதற்கு நம் செய்தித்தாள்கள் சொந்த மண் என்று அழகாக எழுதிவிடுகின்றன, அரசியலில் என்றால் கோட்டை. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் உள்ளூர் மாடு பிடிபடாமல் போனால் கூட்டம் போடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஹோம் டர்ஃப்புக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆஸ்ட்ரோடர்ஃபிங் என்று ஒன்று உண்டு, இணையத்தில் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அடிமட்ட மக்களிடமிருந்து தானாகக் கிளம்புகிற இயக்கத்தை ஆங்கிலத்தில் கிராஸ்ரூட்ஸ், அதாவது புல்வேர் என்பார்கள். 1985-இல் டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன், தனக்கு மலை மலையாக வந்த கடிதங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்பாட்டில் வந்தவை என்று கண்டுகொண்டு, டெக்சாஸ்காரனுக்குப் புல்வேருக்கும் ஆஸ்ட்ரோடர்ஃபுக்கும் வித்தியாசம் தெரியும் என்றார். ஹூஸ்டன் டெக்சாஸில்தானே இருக்கிறது. அன்றிலிருந்து காசு கொடுத்து மக்கள் குரல் மாதிரி காட்டுவதற்கு இந்தப் பெயர். ஒரே வாசகம், ஒரே ஹேஷ்டேக், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை, ஆனால் நூறு அக்கவுண்ட் என்று பார்த்தால் அது இதுதான். புதிதாகத் திறந்த ஓட்டலுக்கு மூன்றே நாளில் குவிகிற ஐந்து நட்சத்திர விமர்சனங்களும் இதன் சின்னத் தம்பி.

மிச்சமிருக்கிற சில்லறைப் பயன்பாடுகள்: ஒருவரை டர்ஃப் அவுட் செய்தார்கள் என்றால் பிடித்து வெளியே தள்ளினார்கள், பிரிட்டன் பேச்சு. ஓட்டல் மெனுவில் சர்ஃப் அன்ட் டர்ஃப் என்றால் கடலில் வந்ததும் தரையில் மேய்ந்ததும் ஒரே தட்டில், அங்கே சிங்கி இறாலும் மாட்டிறைச்சியும். நம்ம பக்கம் நண்டு மசாலாவும் நாட்டுக்கோழி வறுவலும் ஒரே இலையில் காலங்காலமாக வைக்கிறோம், இந்தப் பேர் வைத்தால் விலையைக் கூட்டலாம் என்பது மட்டும்தான் யாருக்கும் இன்னும் தோன்றவில்லை. பன்மையில் டர்ஃப்ஸ் என்றும் டர்வ்ஸ் என்றும் எழுதலாம், இரண்டும் சரி.

கடைசியாக, வீட்டு முன்னால் டர்ஃப் போட ஆசைப்படுகிறவர்களுக்கு. நர்சரியில் கேட்கும்போதே நிஜப் புல்லா பிளாஸ்டிக்கா என்று தெளிவாகச் சொல்லுங்கள், இரண்டையும் இதே பெயரில்தான் விற்கிறார்கள். நம் பழைய வீடுகளில் லான் என்ற வழக்கமே கிடையாது. வாசல் என்றால் பெருக்கிச் சாணி தெளித்த மண், முற்றம் என்றால் கல் பாவி மழைத் தண்ணீரைப் பிடிக்கிற இடம். செம்புறாங்கல் பூமிக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது என் கட்சி. ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், சரளையை நீக்கி அரை அடிக்காவது நல்ல மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பிச் சமன் செய்யுங்கள். மெக்சிகன் புல் பார்க்க அழகு, தண்ணீர் நிறையக் குடிக்கும். கொரியன் புல் மெதுவாக வளரும், வெட்டுகிற வேலை குறைவு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அல்லது பங்குனியில் கிணறு காய்ந்துவிடும் என்றால், பேசாமல் அருகம்புல் ரகம் போடுங்கள். பாளங்களைச் செங்கல் கட்டுமானம் போல மூட்டு மாறி மாறி வரும்படி நெருக்கி வைத்து, மேலே மணல் தூவி, அழுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டுங்கள். அப்புறம் ஒரு ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் வேர் இன்னும் இறங்கவில்லை, இன்னும் ஒரு வாரத்துக்கு யாரையும் மிதிக்க விடாதீர்கள், முக்கியமாகப் பக்கத்து வீட்டு ஆட்டை.